610 என்றது கடிகாரம், 215 என்றது மாஸ்க்

என் நோட்டில் 168 நாட்கள் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: தேதி, டிரெட்மில் 50 நிமிடம், பக்கத்தில் கடிகாரம் காட்டிய கலோரி. பெரும்பாலும் 600க்கு மேல். எட்டு மாதம், மொத்தம் 140 மணி நேரம். அதே நோட்டின் முதல் பக்கத்தில் எடை 64.2 கிலோ, கடைசிப் பக்கத்தில் 64.9. இதற்காகவா விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன் என்று ஒருநாள் ஜிம்மில் உடை மாற்றும் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். தப்பு எங்கே என்று பிறகு தெரிந்தது. ஆனால் அது ஒரு பேனாவும் அரை மணி நேரமும் இருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருக்கக்கூடிய தப்பு என்று தெரிந்தபோதுதான் நிஜமாக வலித்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு வயது 43, உயரம் 158 சென்டிமீட்டர். ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. மருத்துவர் மாத்திரை எழுதாமல், "ஐந்தாறு கிலோ குறைங்க, தினமும் நடங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார். ஜிம்மில் சேர்ந்தேன், ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன், சாப்பாட்டுக் கணக்கு எழுதும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றினேன். செயலி என் வயது, உயரம், எடையைக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு நாளைக்கு 1,750 கலோரி செலவாகிறது, 1,450 சாப்பிட்டால் தினமும் 300 பற்றாக்குறை விழும், மெதுவாக இளைக்கலாம் என்றது. அதுவரை நியாயமான கணக்குதான். அடுத்து நான் செய்ததுதான் வினை. கடிகாரத்தைச் செயலியோடு இணைத்தேன். அன்றிலிருந்து நான் நடந்து முடித்ததும் அன்றைய உணவு வரம்பு 1,450இலிருந்து தானாக 2,060க்குத் தாவும். 'இன்னும் இவ்வளவு சாப்பிடலாம்' என்று பச்சை நிறத்தில் ஒரு எண். அந்தப் பச்சை எண் எனக்குச் சம்பளம் மாதிரி. உழைத்துச் சம்பாதித்தது, செலவு செய்ய உரிமை உண்டு என்று நினைத்தேன். எல்லையைத் தாண்டி ஒரு நாளும் சாப்பிடவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

டிரெட்மில்லில் என் வழக்கம்: மணிக்கு 5.5 கிலோமீட்டர் வேகம், 8 சதவீத ஏற்றம், 50 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். முடிந்ததும் இயந்திரத்தின் திரை 520 என்று காட்டும். கடிகாரம் 610 என்று காட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நான் எடுத்த முடிவைக் கேளுங்கள்: இயந்திரம் எல்லோருக்கும் பொது, கடிகாரம் என் நாடியைப் பிடித்துப் பார்க்கிறது, விலையும் அதிகம், ஆகவே கடிகாரம் சொல்வதுதான் சரி. பெரிய எண் என்பதால் பிடித்துப்போனது என்பதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் மூன்று வாரத்தில் ஒரு கிலோ இறங்கியது, ஐந்தாவது வாரத்தில் திரும்பி வந்தது. அது தண்ணீர்க் கணக்கு. உடலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அது இறங்கும், பிறகு ஏறும். எனக்கு அது தெரியாததால் முதலில் ஆகாயத்தில் மிதந்தேன், பிறகு தரையில் விழுந்தேன். மூன்றாவது மாதம் ட்ரெய்னரிடம் கேட்டபோது, தசை கூடுகிறது, அதனால் எடை தெரியவில்லை என்றார். ஐந்தாவது மாதமும் அதே பதில். நடந்து மட்டும் இவ்வளவு தசை கூடுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தைராய்டு சோதனை செய்தேன், சரியாக இருந்தது. நம்பாமல் வேறு இடத்தில் இன்னொரு முறை செய்தேன், அதுவும் சரியாக இருந்தது. 'கொழுப்பை எரிக்கும்' மாத்திரைகள் ஒரு டப்பா வாங்கினேன். தூக்கம் போனது, நெஞ்சு படபடத்தது, பாதியில் நிறுத்தினேன். கடிகாரம் பழுதோ என்று நினைத்து இன்னொரு நிறுவனத்தின் கடிகாரமும் வாங்கினேன். அது 570 என்றது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே போயிருக்கும். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒளித்து வைத்துத் தின்கிறேனோ என்ற சந்தேகம் அவர்கள் கண்ணில் தெரிவதாக எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்த எட்டு மாதத்தில் என் ரத்த அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. மருத்துவர் சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் அது கண்ணிலேயே படவில்லை.

என் அண்ணன் மகள் உடற்பயிற்சி அறிவியல் படிக்கிறாள். அவளுடைய துறையில் ஓர் ஆய்வுக்கு நாற்பதைத் தாண்டிய பெண்கள் தேவைப்பட்டார்கள், "வர்றீங்களா அத்தை?" என்று கேட்டாள். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கைப் போட்டு, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு கார்பன் டைஆக்சைடு என்று அளக்கும் சோதனை. உடல் உணவை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி எரிந்தது என்று அர்த்தம். ஊகத்துக்கு அதிகம் வேலை இல்லாத கணக்கு. (நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரி. சாப்பாட்டு டப்பாவிலும் அப்படித்தான்.) முதலில் இருபது நிமிடம் சும்மா படுக்க வைத்தார்கள். நிமிடத்துக்கு 0.2 லிட்டர் ஆக்சிஜன், அதாவது ஒரு கலோரி. பிறகு டிரெட்மில்லில் என் வழக்கமான வேகம், வழக்கமான ஏற்றம். நானும் வழக்கம்போல ஏறினேன், முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தேன், நடந்தேன்.

சில நிமிடம் கழித்து அண்ணன் மகள் பக்கத்தில் வந்து நின்று, "அத்தை, ஜிம்லயும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு நடப்பீங்களா?" என்றாள். மாஸ்க்கோடு பேச முடியாது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டாள். சற்று இளைப்பாறிய பிறகு, "இப்போ அதே வேகம், அதே ஏற்றம். கையை மட்டும் எடுத்துடுங்க" என்றாள். எடுத்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே கெண்டைக்கால் இழுத்தது, உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது, மூச்சு மாஸ்க்குக்குள் இரைந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் போதும் என்று சைகை காட்டினேன். எட்டு மாதமாக 50 நிமிடம் நடந்தவள், பத்து நிமிடம் தாங்கவில்லை.

கணக்கு இதுதான். கம்பியைப் பிடித்தபடி நடந்தபோது நிமிடத்துக்கு 1.06 லிட்டர் ஆக்சிஜன், அதாவது 5.3 கலோரி. 50 நிமிடத்துக்கு 265. இதிலே நான் அந்த நேரம் வீட்டில் சும்மா கிடந்திருந்தாலும் எரிந்திருக்கும் 50ஐக் கழித்தால் மிச்சம் 215. கையை எடுத்தபோது நிமிடத்துக்கு 1.58 லிட்டர். அதே வேகத்தில் 50 நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் 395, கழித்தால் 345. நான் நம்பியதோ 610. தினமும் 395 கலோரியை இல்லாத கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன். வாரம் ஐந்து நாளைக்கு 1,975. செயலி எனக்கு வைத்த பற்றாக்குறை வாரத்துக்கு 300 பெருக்கல் 7, அதாவது 2,100. இரண்டும் நேருக்கு நேர் அடித்துக்கொண்டு போய்விட்டன. தைராய்டும் இல்லை, 'செத்துப்போன மெட்டபாலிசமும்' இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது முதலில் வந்தது சிரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

610 எப்படி 215 ஆனது என்பதை அவளோடு உட்கார்ந்து படிப்படியாகப் பிரித்தேன். முதலில் இயந்திரம் சொன்ன 520ஐ எடுத்துக்கொண்டோம். தொடங்கும்போது எடை கேட்கும், அவசரத்தில் நான் அந்தத் திரையைத் தாண்டிவிடுவேன். ஜிம்முக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் அதில் 80 கிலோ என்று பதிந்து கிடந்தது. எட்டு மாதமாக முகம் தெரியாத ஒரு 80 கிலோ நபரின் கலோரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 64 கிலோ என்று போட்டதும் அது 415 ஆனது. நடை, ஓட்டம் இரண்டிலும் செலவு எடையோடு நேராகக் கூடும், குறையும். எடை தப்பென்றால் மற்றதெல்லாம் தப்பு. திரையைத் தாண்டாதீர்கள், இளைத்த பிறகு புது எடையைப் போடவும் மறக்காதீர்கள்.

அடுத்தது மொத்தச் செலவு, நிகரச் செலவு என்ற விஷயம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இதுதான் பெரிய திறப்பு. உயிரோடு இருப்பதற்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கலோரி போகிறது. இயந்திரங்களும் பெரும்பாலான பட்டியல்களும் அதையும் சேர்த்துத்தான் காட்டும். ஆனால் செயலி என் 1,750இல் அதை ஏற்கனவே எண்ணிவிட்டது. ஒரே செலவை இரண்டு தடவை எழுதியது போல. வேகமாக ஓடும் ஒருவருக்கு இந்தப் பிழை சிறியது. மெதுவாக நெடுநேரம் நடப்பவர்களுக்குப் பெரியது. ஒரு மணி நேரம் சாவகாசமாக நடந்தால் காட்டும் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு வரை சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும். போதாக்குறைக்கு, செயலியில் 'உங்கள் அன்றாட அசைவு எப்படி' என்ற கேள்விக்கு 'வாரம் ஐந்து நாள் பயிற்சி' என்று பதில் போட்டுவிட்டு, கடிகாரத்தையும் இணைத்தால் அங்கேயும் இரட்டிப்பு நடக்கும். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கைப்பிடிக்கு வருகிறேன். என் தப்புகளில் ராஜா இதுதான். நடைக்கு உடலியல்காரர்கள் வைத்திருக்கும் சூத்திரத்தைச் சுருக்கினால் மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய இரண்டு எண்கள் கிடைக்கின்றன. சமதரையில் நடந்தால் நிகரச் செலவு ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு அரை கலோரி. மேலே ஏறினால் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஒரு கிலோ எடைக்குக் கூடுதலாக 0.9 கலோரி. 50 நிமிடத்தில் நான் நடந்தது 4.6 கிலோமீட்டர், அதற்கு 147. எட்டு சதவீத ஏற்றத்தில் அது 367 மீட்டர் உயரம், அதற்கு 211. கூட்டினால் 358. கையை எடுத்தபோது மாஸ்க் காட்டிய 345க்கு இது எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். ஆனால் கம்பியைப் பிடித்தபோது கிடைத்தது 215தான். சமதரை நடைக்கான 147ஐ எடுத்துவிட்டால் ஏற்றத்துக்கு என்று மிஞ்சியது 70 கூட இல்லை. அதாவது நான் ஏறியதாக நினைத்த மலையில் மூன்றில் இரண்டு பங்கை அந்தக் கம்பி சுமந்திருக்கிறது. பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தால் உடல் டிரெட்மில்லின் ஓடும் பட்டைக்குச் செங்குத்தாக நிற்கிறது, சமதரையில் நிற்பது போலவே ஆகிவிடுகிறது, எடையில் ஒரு பகுதி தோளுக்கும் கைக்கும் போய்விடுகிறது. இயந்திரத்துக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பட்டையின் வேகமும் சாய்வும்தான். ஏற்றம் அதிகம் வைத்துப் பிடித்து நடப்பதைவிட, பிடிக்காமல் நடக்க முடிகிற ஏற்றமே நிஜமான ஏற்றம். சமநிலை போதாதவர்கள், மயக்கம் வருபவர்கள், முட்டி வலிப்பவர்கள் தாராளமாகப் பிடிக்கலாம், விழுந்து அடிபடுவதைவிட அது மேல். திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கடிகாரத்தின் 610 மேலே எப்படிப் போனது? அது துடிப்பை அளக்கிறது, துடிப்பிலிருந்து கலோரியை ஊகிக்கிறது. முதல் பாதி பெரும்பாலும் பரவாயில்லை, இரண்டாவது பாதியில்தான் சிக்கல். ஒரே அளவு ஆக்சிஜனுக்கு இதயம் வேறு வேறு நாளில் வேறு வேறு வேகத்தில் துடிக்கும். புழுக்கம், தூக்கக் குறைவு, தண்ணீர் குறைவு, காப்பி, பதற்றம் எல்லாம் ஏற்றிவிடும். நெடுநேரப் பயிற்சியில் வேலை மாறாவிட்டாலும் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். கம்பியை இறுக்கிப் பிடிப்பதும் ஏற்றும். ரத்த அழுத்தத்துக்குச் சிலர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை நேர்மாறாக இறக்கிவிடும். 2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஏழில் ஆறு துடிப்பை ஐந்து சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியில் மிகச் சிறந்த கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம், மிக மோசமானதற்கு 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கும். ஆனால் என் மணிக்கட்டில் இருந்த இரண்டும் 40 கலோரிதான் வித்தியாசம் காட்டின, இரண்டுமே உண்மையைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் காட்டின. இரண்டு கடிகாரம் ஒத்துப்போவது சாட்சி ஆகாது என்பதை இரண்டாவது கடிகாரத்தின் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

வேறு பயிற்சி செய்பவர்களுக்கும் அண்ணன் மகள் சில வழிகள் சொன்னாள். ஓட்டத்துக்குக் கணக்கு இன்னும் சுலபம்: நிகரச் செலவு ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கலோரி. 64 கிலோ என்றால் கிலோமீட்டருக்கு 64. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் கிலோமீட்டர் கணக்கு அதிகம் மாறாது, சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு உங்கள் கடிகாரம் 600 காட்டினால் நீங்கள் 120 கிலோ இருக்க வேண்டும். வாட் அளவு காட்டும் நிலை சைக்கிள் கிடைத்தால் விடாதீர்கள், ஜிம்மில் ஓரளவு நம்பத்தக்க எண் அதுதான். மிதிக்கும் வேலையை அது நேரடியாக அளக்கிறது. நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் மிதியாக மாறும், மிச்சம் வெப்பம். ஒரு கலோரி என்பது 4.18 கிலோஜூல். இந்த இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால், செய்த வேலை எத்தனை கிலோஜூலோ ஏறக்குறைய அத்தனை கலோரி. 100 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் 360 கிலோஜூல், ஆகவே 360 கலோரி பக்கம். நின்றபடி கால்களை நீள்வட்டமாகச் சுழற்றும் எலிப்டிகல் இயந்திரத்துக்கு இப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. அதன் அசைவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், கால் ஓய்ந்தாலும் சக்கரம் தன் சுழற்சியில் இழுத்துக்கொண்டு போகும். அதன் திரையைத் துண்டு போட்டு மூடிவிடுவது உத்தமம்.

நடனம், நீச்சல், படியேற்றம் போன்றவற்றுக்கு 'மெட்' எண் உதவும். 1993இல் முதன்முதலாக வெளிவந்து அவ்வப்போது திருத்தப்படும் உடல் செயல்பாடுகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பதை ஒன்று என்று வைத்து ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணில் ஒன்றைக் கழியுங்கள், உங்கள் எடையால் பெருக்குங்கள், எத்தனை மணி நேரம் என்பதால் பெருக்குங்கள். நிகரக் கலோரி சுமாராகக் கிடைக்கும். நீங்கள் உண்மையில் அசைந்த நேரத்தை மட்டும் போட வேண்டும். தண்ணீர் குடித்ததும் பாட்டு மாற்றியதும் கணக்கில் வராது. ஒரு மணி நேர வகுப்பில் நாற்பது நிமிடம் தேறினால் அதிகம்.

வியர்வையைப் பார்த்து ஏமாந்தவளும் நான்தான். துண்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நாளில் எடை முக்கால் கிலோ குறைந்திருக்கும், மாலைக்குள் திரும்பிவிடும். அது போனது தண்ணீர். பயிற்சி முடிந்த பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரியும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் பயிற்சியில் செலவானதில் 6 முதல் 15 சதவீதம்தான். என் 215க்கு அது 13இலிருந்து 32. இயந்திரத்தில் 'கொழுப்பு எரியும் மண்டலம்' என்று ஒரு பட்டன் இருக்கும். மெதுவாக நடந்தால் எரிவதில் கொழுப்பின் விகிதம் கூடும் என்பது சரி, மொத்தமாக எரிவதே குறைவு. நாள் முடிவில் பற்றாக்குறை இல்லையென்றால் எந்த மண்டலமும் ஒன்றும் செய்யாது.

இன்னொன்றையும் அவள் சொன்னாள், அதைக் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. எரித்த 215 கூட முழுதாக என் பக்கம் வந்து சேராது. உடம்பு மற்ற நேரத்தில் கஞ்சத்தனம் காட்டும். 2021இல் 1,754 பேரின் தினசரிச் செலவை அலசிய ஓர் ஆய்வில், கூடுதல் அசைவில் எரித்ததில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் வேறு வழியில் ஈடுகட்டிவிடுவதாகத் தெரிந்தது. ஆராய்ச்சியே வேண்டாம், என் ஞாயிற்றுக்கிழமைகளையும் பயிற்சி நாட்களையும் ஒப்பிட்டாலே போதும். ஐந்து மணிக்கு எழுந்து நடந்த நாட்களில் மத்தியானம் சோபாவில் சாய்ந்துவிடுவேன், மாடிக்குப் போக வேண்டிய சாமானைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவேன். அப்புறம் தட்டுப் பக்கமும் நாம் நினைப்பது போல இல்லை. 1992இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், என்ன செய்தும் இளைக்கவில்லை என்று வந்தவர்கள் தாங்கள் சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், செய்த பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. நானும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, அதை எத்தனை நாள் கண்ணளவில் ஊற்றியிருக்கிறேன்.

இப்போது என் முறை வேறு. கடிகாரத்துக்கும் செயலிக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கடிகாரம் நேரம் பார்க்கவும் துடிப்பு பார்க்கவும். துடிப்பிலும் இன்றைய எண்ணை என்னுடைய போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுகிறேன். அதே வேகத்துக்குத் துடிப்பு குறைந்திருந்தால் உடம்பு தேறுகிறது, அந்தத் தகவலுக்குக் கடிகாரம் போதும். டிரெட்மில்லில் கையைத் தொங்கவிட்டு 3 சதவீத ஏற்றத்தில் 45 நிமிடம். சரியான எடையைப் போட்டால் இயந்திரம் 250 சொல்கிறது, நான் 200 என்று வைத்துக்கொள்கிறேன், அதில் ஒன்றையும் சாப்பாடாகத் திருப்பி எடுப்பதில்லை. நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும் ஏற்கனவே மெலிந்தவர்களுக்கும் இது பொருந்தாது, அவர்கள் சாப்பிடாவிட்டால் உடம்பு கெட்டுப்போகும். என்னைப்போல நடப்பவர்களுக்குச் சொல்கிறேன். நிஜமான அளவுகோல் எடைப் பலகைதான், ஆனால் ஒருநாள் எண் இல்லை. தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரி எடுக்கிறேன், மூன்று வாரச் சராசரிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டால், என் உண்மையான பற்றாக்குறை என்ன என்று எந்தக் கருவியும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது. காகிதத்தில் 300 என்றால் நடப்பில் எனக்கு 180 பக்கம்தான் விழுகிறது. சரி, விழட்டும். ஐந்து மாதத்தில் மூன்றரை கிலோ இறங்கியிருக்கிறது.

நோட்டு அதேதான். கலோரி எழுதிய கட்டத்தை அடித்துவிட்டு அங்கே 'கை' என்று எழுதியிருக்கிறேன். கம்பியைத் தொடாமல் முழு நேரமும் நடந்த நாளுக்கு ஒரு டிக். போன வாரம் ஐந்தில் நான்கு.